போல்கெரி போனால் முதலில் ரோஸோ குடியுங்கள்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரும். இத்தாலியில் டஸ்கனி கடற்கரையோரம் இருக்கும் போல்கெரிக்கு ஒயினுக்காகப் போகிறவர்களில் பாதிப் பேர் சஸ்ஸிகாயா, ஒர்னெல்லாயா, மஸ்ஸேத்தோ என்ற மூன்று விலையுயர்ந்த ஒயின்களின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டுதான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். செப்டம்பர் நடுவில் நான்கு நாள் தங்கி, ஐந்து பண்ணைகளில் ஏறி இறங்கி, கடைகளிலும் சாப்பாட்டு மேசையிலுமாக இருபதுக்கு மேற்பட்ட ஒயின்களைச் சுவைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, இனி யார் கேட்டாலும் "25 யூரோ கொடுத்து ஒரு நல்ல போல்கெரி ரோஸோ, அதாவது அந்த ஊரின் அடிப்படைச் சிவப்பு ஒயின், வாங்கு, மதியச் சாப்பாட்டோடு குடி, மற்றதையெல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் சொல்வது என்று தீர்மானித்துவிட்டேன். பெரிய பெயர்களின் பாட்டில்கள் அருமையானவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊர் எப்படிப்பட்டது என்பதை முதலில் புரியவைப்பது ரோஸோதான்.

என்னோடு வந்தது அக்கா. அவள் பீசாவில் வேலை பார்க்கிறாள், இத்தாலியன் சரளமாகப் பேசுவாள், அங்கிருந்து போல்கெரி காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வண்டி ஓட்டுகிற பொறுப்பு முழுக்க அவளுடையது என்பதால் கடைசி நாள் சாயங்காலம் வரை அவள் முகர்ந்து பார்த்தாள், வாயில் வைத்துத் துப்பினாள், ஒரு சொட்டுகூட விழுங்கவில்லை. இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை, உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு அதுவும் கிடையாது, சுத்தமாகப் பூஜ்யம். அதனால் போகும்போதே யார் ஓட்டுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வந்தால் கஸ்தன்யேதோ கார்தூச்சி நகராட்சியின் கீழ்ப்பகுதியான தொனொராத்திக்கோவில் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து பண்ணைகளுக்கு வண்டி பிடிப்பது சிரமம். சமவெளி என்பதால் சைக்கிளில் சுற்றுகிறவர்களை நிறையப் பார்த்தோம்.

ஊருக்குள் நுழையும் வழியே ஒரு காட்சி. அவுரேலியா என்ற பழைய ரோமானியச் சாலையில் சான் குய்தோ என்ற சின்ன வழிபாட்டுக் கூடம் ஒன்று நிற்கிறது. அதற்கு நேர் எதிரே தொடங்கும் சாலை, கோடு போட்டது மாதிரி வளையாமல், கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் தூரம் போல்கெரிக் கோட்டை வாசல் வரை போகிறது. இரண்டு பக்கமும் இரண்டாயிரத்துக்கும் அதிகமான சைப்ரஸ் மரங்கள். 1906இல் நோபல் பரிசு வாங்கிய கவிஞர் ஜொசுவே கார்தூச்சி சின்ன வயதில் இங்கேதான் வளர்ந்தார், இந்த மரங்களைப் பாடியதால்தான் இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தச் சாலை தெரியும், நகராட்சியின் பெயரோடும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள். மரங்களின் பிசின் வாசனை வண்டிக்குள் வரும், அந்த வாசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கிளாஸில் மறுபடியும் வரப்போகிறது.

கிராமம் மிகச் சின்னது. செங்கல் கோட்டை, அதன் வளைவு வாசல், உள்ளே இரண்டு மூன்று தெரு, ஒயின் கடைகள், உணவகங்கள், கைவினைப் பொருள் கடைகள். அரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். உண்மையான போல்கெரி வெளியே, கஸ்தன்யேதோ நோக்கிப் போகும் போல்கெரேசே சாலையில் இருக்கிறது. இந்த வட்டாரத்தின் பெரிய பெயர்களில் பல அந்த ஒரு சாலையை ஒட்டியே வரிசையாக வரும். வலப்பக்கம் தோட்டங்களுக்கு அப்பால் கடல், இடப்பக்கம் காடு மூடிய குன்றுகள். சரி, நிலம் எப்படிப்பட்டது என்பதை ஒரு முறை ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி நின்று பார்த்தால் போதும், புத்தகம் படிக்க வேண்டாம். குன்றுகள் முதுகுப் பக்கம் அரைவட்டமாக நிற்கின்றன, முகம் மேற்கே திரேனியக் கடலைப் பார்த்திருக்கிறது, நாள் முழுக்க வெயில், மாலையில் குளிர்ந்த காற்று.

முதல் நாள் போன பண்ணை சின்னது. பெயர் வேண்டாம், குடும்பமாக நடத்துகிறார்கள். தோட்டத்தைச் சுற்றிக்காட்டிய அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். அறிமுகப் பேச்சு எதுவும் இல்லாமல், குனிந்து கொடியின் அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளங்கை அளவு, ஆற்றுக் கல் மாதிரி வழவழப்பு, ஆனால் அடுப்பிலிருந்து எடுத்தது போலச் சூடு. அப்போது மணி மாலை ஆறரை, வெயில் சாய்ந்துவிட்டது, காற்றில் குளிர் தெரிய ஆரம்பித்திருந்தது. "இலைக்குக் குளிர், பழத்துக்குச் சூடு" என்று அவர் சொன்னதை அக்கா மொழிபெயர்த்தாள். இத்தாலியனில் கல்லுக்கு 'சஸ்ஸோ' என்று பெயர். சஸ்ஸிகாயா என்றால் கல் நிறைந்த இடம். இந்த வட்டாரத்தின் மிகப் புகழ்பெற்ற ஒயினின் பெயரே அதுதான்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லாமல் இந்த ஒயின்களைப் பற்றிப் பேச முடியாது. மாரியோ இன்சீசா தெல்லா ரொக்கெத்தா என்ற மார்க்கேசே (ஒரு பிரபுப் பட்டம்), 1920களில் பீசாவில் படித்தவர், பிரான்சின் போர்டோ ஒயின்களின் மேல் தீராத ஆசை கொண்டவர். இவருடைய மனைவி கிளாரிச்சே, இந்த நிலங்களை நூற்றாண்டுகளாக வைத்திருந்த கெரார்தெஸ்கா குடும்பத்துப் பெண். 1944இல் மாரியோ குன்றின் மேல், கஸ்தில்யொஞ்செல்லோ என்ற இடத்தில், போர்டோவின் திராட்சையான கேபர்னே சோவின்யோன் கொடிகளை நட்டார். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்துக்கு நல்ல ஒயினோடு சம்பந்தமே கிடையாது. மாரெம்மா என்ற இந்தக் கடலோரப் பகுதி என்றால் சதுப்பு, மலேரியா, மாடு மேய்ப்பவர்கள், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தவர்கள் இலேசான, இளமையில் குடிக்கிற ஒயினுக்குப் பழகியவர்கள், இவருடைய துவர்ப்பான ஒயினை யாருக்கும் பிடிக்கவில்லை. அதனால் இருபது வருடம் போல அது குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. பாட்டில்கள் நிலவறையில் கிடக்கக் கிடக்கத்தான் அது பக்குவப்படுகிறது என்று தெரியவந்தது. 1968 அறுவடைதான் முதல்முறையாக விற்பனைக்குப் போனது. உறவுக்காரரான பியேரோ ஆன்தினோரியும் ஒயின் வல்லுநர் ஜாக்கொமோ தாக்கிஸும் அப்போது கூட நின்றார்கள். பத்தே வருடத்தில், 1978இல் லண்டனில் உலகெங்கிலுமிருந்து வந்த கேபர்னே ஒயின்களை வைத்து நடத்திய சுவைப்பில் 1972 சஸ்ஸிகாயா முதலிடம் பிடித்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கப்புறம் வருகிறது. உலகமே பாராட்டிய அந்த ஒயினின் லேபிளில் 'வீனோ தா தாவோலா', அதாவது வெறும் மேசை ஒயின், என்றுதான் சட்டப்படி போட முடிந்தது. இத்தாலியின் தரவரிசையில் கடைசிப் படி. டஸ்கனியின் சிவப்பு என்றால் சாஞ்ஜோவேசே திராட்சை என்றிருந்த காலம், கேபர்னேயில் செய்த போல்கெரிச் சிவப்புக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1983இல் போல்கெரிக்கு டிஓசி தகுதி, அதாவது ஊர்ப் பெயரை லேபிளில் போட்டு விற்பதற்கான சட்ட முத்திரை, வந்தபோதுகூட வெள்ளைக்கும் ரோஜா நிறத்துக்கும்தான் கொடுத்தார்கள். சிவப்புக்கு 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சஸ்ஸிகாயாவுக்குத் தனி உட்பகுதியும் அப்போதே கிடைத்தது, 2013இல் அது தனி டிஓசியாகவே ஆகிவிட்டது. ஒரே ஒரு பண்ணைக்கென்று ஒரு டிஓசி இத்தாலியில் இது ஒன்றுதான். அந்த அம்மாளிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "காகிதம் பின்னால் வந்தது, கொடி முன்னால் வந்தது" என்றார்.

அவருடைய தோட்டத்தில் மெர்லோ திராட்சையைப் பறித்து முடித்திருந்தார்கள். அது முந்திப் பழுக்கும். கேபர்னே சோவின்யோன் இன்னும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பழம் பறித்துக் கொடுத்தார். சின்னச் சின்னப் பழம், மிளகை விட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும், அவ்வளவுதான், உள்ளே சதை கொஞ்சம், விதையும் தோலும்தான் அதிகம். "தோலை மெல்லுங்கள், விதையைக் கடியுங்கள்" என்றார். தோலை மென்றதும் நாவல் பழம் தின்றால் நாக்கு சுரசுரத்துப் போகுமே, அதே மாதிரி ஆனது. விதை பழுப்பாகிவிட்டால் கடக்கென்று உடைந்து வறுத்த பருப்பு ருசி வரும், பச்சையாக இருந்தால் கசக்கும். எனக்குக் கொடுத்த இரண்டில் ஒன்று பழுப்பு, இன்னொன்றின் ஓரத்தில் பச்சை. அதைப் பார்த்துவிட்டு "இன்னும் ஆறு நாள்" என்றார். டானின் என்று ஒயின்காரர்கள் ஓயாமல் பேசுகிறார்களே, தமிழில் அதற்குத் துவர்ப்பு என்று ஒரு சொல் தயாராகவே இருக்கிறது. எந்தத் துவர்ப்பு நல்லது, எது பச்சைத்தனம் என்பதை அந்த இரண்டு விதைகள் எனக்குக் கற்றுக்கொடுத்த அளவுக்கு வேறெதுவும் கற்றுக்கொடுக்கவில்லை.

அப்புறம் நிலவறை. 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய்கள் இரண்டு வரிசை. ஒரு பீப்பாயின் மேல்மூடியைத் தட்டி எடுத்து, நீளமான கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கி, கிளாஸில் விட்டார். முந்தைய வருட அறுவடை, எதோடும் கலக்காத தனி மெர்லோ. அடுத்த பீப்பாயில் தனி கேபர்னே சோவின்யோன். மூன்றாவதில் கேபர்னே ஃப்ரான். மெர்லோ குண்டாக, ப்ளம் பழச்சாறு மாதிரி வாயை நிறைத்தது. சோவின்யோன் நிமிர்ந்து நின்றது, கறுப்புப் பழம், துவர்ப்பு, இன்னும் யாரிடமும் பேசப் பழகாத ஆள் மாதிரி. மூன்றாவது கிளாஸை அக்கா முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இதைக் குடிக்காமலே சொல்றேன்டா, இதுதான் நாம வந்த வழி." எனக்குப் புரியவில்லை. நானும் முகர்ந்தேன். சைப்ரஸ். பென்சில் சீவினால் வரும் மர வாசனை, நசுக்கிய இலை, பின்னால் கொஞ்சம் உப்புக் காற்று. வண்டிக்குள் வந்த அதே வாசனை. இந்த வட்டாரத்தில் கேபர்னே ஃப்ரானின் பங்கு பொதுவாகக் குறைவுதான், சஸ்ஸிகாயாவிலேயே 15 சதவீதம் போலத்தான் சேர்க்கிறார்கள், மீதி சோவின்யோன். ஆனால் லெ மக்கியோலே பண்ணையின் பாலெயோ என்ற ஒயின் 2001இலிருந்து முழுக்க முழுக்க ஃப்ரான்தான், அதைப் பின்னர் ஒரு கடையில் ஒரு கிளாஸ் குடித்தேன், இந்த மண்ணுக்கு மிகவும் பொருந்திய திராட்சை இதுதான் என்பது என் திடமான கருத்து.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: 'போல்கெரி ரோஸோ' என்றால் அடிப்படைச் சிவப்பு, அறுவடைக்கு அடுத்த வருடம் செப்டம்பர் 1க்கு முன்னால் விற்கக் கூடாது, ஓக் பீப்பாய் கட்டாயமில்லை. 'போல்கெரி சுப்பீரியோரே' என்றால் குறைந்தது இரண்டு வருடம் பக்குவப்பட வேண்டும், அதில் ஒரு வருடமாவது ஓக்கில். கேபர்னே சோவின்யோன், கேபர்னே ஃப்ரான், மெர்லோ மூன்றையும் எந்த அளவில் வேண்டுமானாலும் சேர்க்கலாம், 2011க்குப் பிறகு ஒரே திராட்சையில் நூறு சதவீதமும் செய்யலாம். சிரா, சாஞ்ஜோவேசே இரண்டும் பாதி வரைக்கும். பெட்டி வெர்டோ மாதிரியான மற்றவற்றுக்கு 30 சதவீதம்தான் எல்லை. பல பேர் சுப்பீரியோரே என்றால் 'உயர்ந்தது', ரோஸோ என்றால் 'மட்டம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல பண்ணையில் ரோஸோ என்பது இளங்கொடிகளின் பழமும் சீக்கிரம் குடிக்கத் தோதான தொட்டிகளும் போய்ச் சேருகிற இடம், அதே ஆள், அதே நிலம், அதே கவனம்.

இரண்டாம் நாள் மதியம்தான் எனக்கு இது முழுசாகப் புரிந்தது. கஸ்தன்யேதோவில், மேட்டுத் தெருவில், ஐந்தாறு மேசை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. காட்டுப்பன்றிக் குழம்பில் புரட்டிய அகலமான பாஸ்தா, அந்தப் பக்கத்தில் எங்கு போனாலும் இது உண்டு. பக்கத்தில் உப்பும் எண்ணெயும் மினுங்கும் ரொட்டி, ஒரு துண்டு ஆட்டுப்பால் சீஸ். கடைக்காரர் கேட்காமலேயே ஒரு ரோஸோ பாட்டிலை எடுத்து வந்து, வெளிப்புறம் லேசாகப் பனித்திருந்ததால் துணியால் துடைத்து, திறந்தார். கொஞ்சம் குளிர்ச்சி, 16 டிகிரி இருக்கும். முதல் வாயில் கறுப்புச் செர்ரி, அதன் பின்னால் ரோஸ்மேரி மாதிரி ஒரு காட்டு இலை, விழுங்கியதும் நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறது, அதாவது புளிப்பு உயிரோடிருக்கிறது. குழம்பின் கொழுப்பை அந்தத் துவர்ப்பு துடைத்து எடுத்துவிட்டு அடுத்த வாய்க்கு இடம் செய்கிறது. ஆல்கஹால் பதினான்கு சதவீதம் என்று லேபிள் சொன்னது, தொண்டையில் தெரியவே இல்லை. வெயில் நாட்டுத் திராட்சையின் பழுத்த தன்மையும் கடற்காற்று காப்பாற்றிக் கொடுத்த புத்துணர்வும் ஒரே வாயில். பாட்டில் மேசைக்கு வந்த விலை 32 யூரோ. அரை பாட்டில் மிச்சம், கார்க்கைத் திருப்பிப் போட்டு எடுத்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் ஒரு கடையில் இருந்த இயந்திரம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய பெயர்களைச் சொத்தை விற்காமல் சுவைக்க இதுதான் சிறந்த வழி. பணம் ஏற்றிய அட்டை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பாட்டில்கள் வரிசையாக நிற்கும், உள்ளே வாயு நிரப்பியிருப்பதால் திறந்த ஒயின் கெடாது. அட்டையைச் செருகி, எவ்வளவு வேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்தினால் கிளாஸில் விழும். சஸ்ஸிகாயா ஒரு சின்ன ஊற்றுக்கு, இரண்டு மடக்கு இருக்கும், 28 யூரோ கழிந்தது. முழு பாட்டில் 300 யூரோ பக்கம். என்ன சொல்வது, அழகான ஒயின். நிறத்தில் கருமை இல்லை, கிளாஸின் மறுபக்கம் விரல் தெரிகிறது. குரலை உயர்த்தாத ஒயின். செஞ்செர்ரி, தேவதாரு, கிராஃபைட், நீண்டுகொண்டே போகும் முடிவு. ஆனால் இளசு. இன்னும் எட்டு, பத்து வருடம் படுத்துக் கிடக்க வேண்டியதை நான் எழுப்பிக் குடிக்கிறேன் என்று அப்பட்டமாகத் தெரிந்தது. 1985 அறுவடை சஸ்ஸிகாயாவுக்கு நூற்றுக்கு நூறு கிடைத்த கதையைக் கடைக்கார இளைஞர் சொன்னார், 2015 அறுவடை 2018இல் ஒரு பெரிய அமெரிக்க ஒயின் பத்திரிகையின் ஆண்டின் முதல் ஒயினாக வந்ததையும் சொன்னார். இரண்டும் உண்மைதான். என் கையிலிருந்த கிளாஸ் அந்த நிலைக்கு வர வருடங்கள் பாக்கி.

ஒர்னெல்லாயாவும் ருசித்தேன். மெர்லோ கலந்திருப்பதால் இப்போதே பேசுகிறது, சதைப்பிடிப்பு அதிகம், ஓக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. சஸ்ஸிகாயாவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் ஒரே ஊரில் இரண்டு மனம் இருப்பது தெரியும். அதே பண்ணையில் பிறந்த மஸ்ஸேத்தோ, நீலக் களிமண் குன்றில் விளையும் தனி மெர்லோ, பாட்டில் 800, 900 யூரோ என்று போகும், அந்த இயந்திரத்தில் இல்லை, நான் குடிக்கவும் இல்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை கிடையாது.

"போர்டோ மாதிரியேவா?" என்று ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்கும் கேள்வி. திராட்சை அதேதான், பீப்பாய் அதேதான், கலக்கும் முறை அதேதான். ஆனால் போர்டோவில் இளசாகக் குடித்தால் ஒரு குளிர்ச்சியான கண்டிப்பு இருக்கும், மண், ஈர இலை, இறுக்கமான துவர்ப்பு. போல்கெரியில் பழம் முழுசாகப் பழுத்துவிடுகிறது, துவர்ப்பு வழவழப்பாக வருகிறது, நறுமண இலைகள் மத்தியதரைக் கடலின் புதர்க்காட்டிலிருந்து வருகின்றன. அட்லாண்டிக் மழைக்கும் திரேனிய வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வெயில் அதிகமான வருடத்தில், அல்லது பழத்தைக் கொடியில் அதிக நாள் விட்டுவைக்கும் பண்ணையில், ஜாம் மாதிரி ஆகி, மேலே புது ஓக்கின் வெண்ணிலாவும் காபியும் பூசி, எங்கே செய்தது என்றே தெரியாத ஒயினாகிவிடுகிறது. நான் குடித்த சுப்பீரியோரேக்களில் மூன்று அப்படித்தான் இருந்தன, மூன்றும் 60 யூரோவுக்கு மேல். கனமான பாட்டில், தங்க எழுத்து லேபிள், உள்ளே இனிப்பான மரம். இந்த விஷயத்தில்தான் எனக்குக் கோபம். இவ்வளவு நல்ல கடற்காற்றைக் கொடுத்து வைத்த இடத்தில் மரத்தை ருசிக்க வைப்பது அநியாயம்.

குறைகளைச் சொல்ல ஆரம்பித்தாயிற்று, மீதியையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் போனது பெரிய பண்ணை, முன்பதிவு செய்து ஆளுக்கு 80 யூரோ கட்டியிருந்தோம். பதினாறு பேர் கூட்டம். கட்டடக் கலைஞர் யார், பீப்பாய் அறையின் விளக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்பதிலேயே முக்கால் மணி நேரம் போனது, தோட்டத்தைக் கண்ணாடிச் சுவர் வழியாகத்தான் காட்டினார்கள். பின்னர் உட்கார வைத்து நான்கு ஒயின், ஒவ்வொன்றும் கிளாஸின் அடியை நனைக்கும் அளவு, இருபது நிமிடத்தில் அடுத்த கூட்டம் வாசலில் நிற்கிறது. அக்கா கேபர்னே ஃப்ரான் எத்தனை சதவீதம் என்று கேட்டதற்கு வழிகாட்டிப் பெண் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், அதில் இல்லை. அவள் மேல் தப்பில்லை, நாளைக்கு ஐந்து முறை அதையே சொல்லும் வேலை. ஆனால் முதல் நாள் 35 யூரோவுக்கு அந்த அம்மாள் இரண்டரை மணி நேரம் எங்களோடு இருந்தார், கல்லைக் கையில் கொடுத்தார், பீப்பாயைத் திறந்தார். முன்பதிவு செய்யும்போது எத்தனை பேர் கூட்டம், தோட்டத்துக்குள் நடக்க விடுவார்களா, இந்த இரண்டை மட்டும் எழுதிக் கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும். முன்பதிவு இல்லாமல் எங்கும் போகாதீர்கள், பெரும்பாலான வாசல்கள் திறக்காது.

அடுத்தது வெப்பநிலை. கோட்டைக்குள் இருந்த ஒரு உணவகத்தில், வெளித் திண்ணையில், மதியம் ஒரு மணி வெயிலில், 70 யூரோ சுப்பீரியோரே பாட்டிலை அலமாரியிலிருந்து அப்படியே எடுத்து வந்து திறந்தார்கள். 27, 28 டிகிரி இருக்கும். முகர்ந்தால் ஆல்கஹால் மூக்கைக் குத்துகிறது, பழம் வெந்து போன வாசனை. ஐஸ் வாளி கேட்டோம், பரிமாறுபவர் "சிவப்புக்கா?" என்று புருவத்தைத் தூக்கினார், ஆனாலும் கொண்டுவந்தார். பன்னிரண்டு நிமிடம் தண்ணீரும் ஐஸுமாக வைத்திருந்து எடுத்த பிறகு அதே பாட்டிலிலிருந்து வேறொரு ஒயின் வந்தது, துவர்ப்பு ஒழுங்காக இருந்தது, பூ வாசனைகூடத் தெரிந்தது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பழைய சொல், குளிர்ந்த கல் வீடுகளின் காலத்தில் உண்டானது. கோடையில் டஸ்கனித் திண்ணை அந்த அறை கிடையாது. தயங்காமல் வாளி கேளுங்கள், உங்கள் பணம்.

என்ன வாங்கலாம்? 20 முதல் 30 யூரோவுக்குள் லெ மக்கியோலேயின் போல்கெரி ரோஸோ, கிரத்தமாக்கோவின் போல்கெரி ரோஸோ, ஆன்தினோரியின் குவாதோ அல் தாஸ்ஸோ பண்ணையிலிருந்து வரும் இல் புருச்சாதோ. இந்த மூன்றில் முதல் இரண்டும் எனக்கு அதிகம் பிடித்தவை, புருச்சாதோ கொஞ்சம் வழவழப்பு கூடினது, ஆனால் எங்கும் கிடைக்கும். 50, 60 யூரோ செலவு செய்யத் தயார் என்றால் பெரிய பண்ணைகளின் இளைய ஒயின்கள் இருக்கின்றன. ஒர்னெல்லாயாவின் லெ செர்ரே நுவோவே, சஸ்ஸிகாயாக்காரர்களின் குய்தால்பெர்தோ. இதில் குய்தால்பெர்தோவின் லேபிளில் போல்கெரி என்று இருக்காது, டஸ்கனி என்ற பொதுப் பெயரில்தான் வருகிறது, அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். அறுவடை வருடங்களில் 2016, 2019, 2021 மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், 2014 மழை வருடம், 2017 வறட்சியும் வெயிலும், அந்த இரண்டிலும் பண்ணையைப் பார்த்து எடுங்கள். வெர்மென்டினோ திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயினும் உண்டு, கடலோரம் மீன் சாப்பிடும்போது அருமை, அதற்காகத் தனியாகப் போக வேண்டியதில்லை.

ஆகஸ்ட்டில் போகாதீர்கள், கடற்கரைக் கூட்டம் முழுக்க அங்கேதான், தங்கும் விலையும் ஏறிவிடும். செப்டம்பர் நல்லது, ஆனால் அறுவடை வேலையில் சின்னப் பண்ணைகள் உங்களோடு உட்கார நேரம் இல்லாமல் திண்டாடும், எங்களுக்கு அந்த அம்மாள் கிடைத்தது அதிர்ஷ்டம். மே, ஜூன் தொடக்கம்தான் பாதுகாப்பான தேர்வு என்று அவரே சொன்னார். குளிர்காலத்தில் போனால் கடலோரத்தில் இருக்கும் சதுப்புநிலச் சரணாலயத்தில் வலசை வரும் பறவைகளைப் பார்க்கலாம். அதைப் பாதுகாத்து வைத்தவரும் அதே மாரியோ இன்சீசாதான், இத்தாலியின் டபிள்யூடபிள்யூஎஃப் அமைப்புக்கு முதல் தலைவராக இருந்தவர். சதுப்பை வடித்து நிலமாக்குவதே பெருமையாக இருந்த காலத்தில் ஒரு பகுதியைப் பறவைகளுக்கு விட்டு வைத்தது, கேபர்னே நட்டதை விடப் பெரிய காரியம் என்று அக்கா இன்றைக்கும் வாதாடுகிறாள். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது.

கடைசி நாள் சாயங்காலம் வண்டியைத் தங்கிய பண்ணை வீட்டில் விட்டாயிற்று, காலை வரை ஓட்டுகிற வேலை இல்லை. இரண்டாம் நாள் மதியம் மிச்சமாகக் கொண்டுவந்த அரை பாட்டில் ரோஸோ சமையலறை ஜன்னல் ஓரம் அப்படியே இருந்தது. கெட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். அக்கா கார்க்கை எடுத்து முகர்ந்தாள், ஒன்றும் சொல்லாமல் இரண்டு டம்ளரில் ஊற்றினாள், நான்கு நாளில் முதல்முறையாக விழுங்கினாள். துவர்ப்பு தணிந்து, செர்ரி உலர்பழமாகி, அந்த இலை வாசனை இன்னும் மேலே வந்திருந்தது. திறந்து இரண்டு நாள் ஆன 32 யூரோ பாட்டில். பாட்டில் காலியானதும் அக்கா போனை எடுத்து, முதல் நாள் போன பண்ணைக்கு எழுதி, காலையில் போகிற வழியில் ஆறு ரோஸோ எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டாள். மூன்று அவளிடம், மூன்று என்னிடம். என்னுடையதில் ஒன்றைப் போன மாதம் திறந்தேன், திறந்து ஒரு மணி நேரம் விட்டுத்தான் ஊற்றினேன், மீதி இரண்டையும் இன்னும் மூன்று வருடம் தொடுவதாக இல்லை.